நாற்காலிச் சுற்று

டாக்டராகப் போகும் உங்களுக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன; இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக முப்பத்தோரு வருடம் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் சரியாகச் செய்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். தப்பாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த தப்பு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. என்னோடு வேலை பார்த்த நர்சுகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று என் கணவர் வீட்டில் சொல்லும்போதெல்லாம், அது எனக்குச் சொன்னது இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். நாள் முழுக்க இருநூறு பேரைப் பார்த்துவிட்டுப் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் திரும்புகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

அப்படி ஒரு சித்திரை மாதம். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த சிறிய ஆஸ்பத்திரிக்கு ஏழுமலை வந்து சேர்ந்தார். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். மலை மாதிரி உடம்பு. குளிர்காய்ச்சல் என்று வந்தவரின் வலது காலைப் பார்த்தால், சுண்டுவிரலுக்குக் கீழே சீழ் கோத்து, பாதம் முழுக்கச் சிவந்திருந்தது. அறுவடை முடிந்த கொல்லையில் ஏதோ முள் ஏறியிருக்கிறது. நான்கு நாளாக அது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையோ எக்கச்சக்கம்.

சீழை எடுத்தோம், ஊசி மருந்து ஆரம்பித்தோம், காய்ச்சல் தணிந்தது. மூன்றாம் நாள் வார்டு ரவுண்டில் அவர் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்து இடத்தில் தொட்டேன். ஓரிடத்தில்கூட அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படி மரத்துப் போயிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை வந்தது. "அது மரத்துப் போனது இல்லீங்க டாக்டரம்மா. திரௌபதி அம்மனுக்கு வருசா வருசம் தீ மிதிக்கிறேன். இருவத்து மூணு வருசமா ஒரு வருசம் விட்டதில்ல. இப்ப மூணு நாலு வருசமா நெருப்பு எனக்குச் சுடறதே இல்ல. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது. ஊர்ல அல்லாரும் எங்கையாலதான் துன்னூறு வாங்கிக்கினு போறாங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அது அருளும் இல்லை, ஒண்ணும் இல்லை. சர்க்கரை உங்க நரம்பைத் தின்னுடுச்சு. இன்னும் ரெண்டு வாரம் இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. இந்தக் காலோட தீ மிதிச்சீங்கன்னா முழங்காலோட எடுக்க வேண்டியதுதான்" என்றேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கிற விபரீதம். மனிதர் மத்தியானம் டிஸ்சார்ஜ் கேட்டார். காரணம் கேட்காமல் நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்ற தாளில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். நானும் கேஸ் ஷீட்டில் நாலு வரி எழுதி மூடிவைத்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

வார்டு நர்ஸ் தனம் அந்தப் பக்கத்துப் பெண். ஏழுமலையின் ஊருக்குப் பக்கத்து ஊர். கேஸ் ஷீட்டை அடுக்கிக்கொண்டே, "கையெழுத்துப் போட்டுட்டா புண்ணு ஆறிடுமா மேடம்?" என்று கேட்டாள்.

"என்ன சொல்ற?"

"நாளைக்கு அந்த ஊர்ல காப்பு கட்றாங்க மேடம். மணிக்கட்டுல மஞ்சக் கயிறு கட்டிட்டா, தீமிதி முடிஞ்சி அவுக்கற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. எட்டு நாளு. நீங்க இருக்கச் சொன்னீங்க, அவரு போய்த்தான் ஆவணும். ஏன் போறேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

சுருக்கென்று இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் வைத்தியம் பார்த்தவள் நான். சித்திரையிலும் ஆடியிலும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன நோயாளிகள் எத்தனை பேர். ஒருவரையாவது "என்ன விசேஷம் உங்க ஊர்ல?" என்று கேட்டிருக்கிறேனா? இல்லை. சொன்ன பேச்சு கேட்காத ஜனங்கள் என்று மட்டும் ரயிலில் சக டாக்டர்களிடம் புலம்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் தனத்தை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோயிலை ஒட்டித் தென்னங்கீற்றுப் பந்தல். காப்பு கட்டியவர்கள் மஞ்சள் வேட்டியோடு அங்கேயே பாயில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. அவருக்கு நான் எழுதியிருந்ததோ மூன்றுவேளைச் சாப்பாட்டுக்கான இன்சுலின் அளவு; அதை ஒருவேளைச் சாப்பாட்டோடு போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி மயக்கம் வந்துவிடும். ஏழுமலை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"எந்திரிக்காதீங்க. அன்னைக்கு வார்டுல நாலு பேர் நடுவுல நான் அப்படிப் பேசினது தப்பு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நீங்களும் ஒருநாள் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நான் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "யாருக்காகங்க இந்த வேண்டுதல்?"

"எம் பொண்ணுக்குங்க. பாஞ்சாலி. அம்மன் பேருதான். ஆறு மாசக் கொழந்தையில வலிப்பு வந்து மூச்சே நின்னு போச்சு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் வருசா வருசம் தீ மிதிக்கிறேன், கொழந்தையக் குடுத்துடும்மான்னு கேட்டேன். குடுத்தா. இப்ப அதுக்கு எட்டு மாசம், தலைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்குது. இந்த வருசம் பாத்து நான் மிதிக்காம வுட்டு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எங்கால வச்சிக்கினு நான் என்னா டாக்டரம்மா பண்றது?"

அவருக்குக் கால் போவது பெரிதில்லை. காலை மகளுக்கு எதிர்த்தட்டில் வைத்துவிட்டார். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

அன்றைக்கு நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். "இது நான் போடற எல்லை. இந்தக் கோட்டுக்குள்ள சிவப்பு இருக்கற வரைக்கும் நான் இங்கேயே வைத்தியம் பார்க்கறேன். கோட்டைத் தாண்டிடுச்சுன்னா நீங்க ஊர் எல்லையைத் தாண்டி வரணும். சம்மதமா?" அவர் அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துவிட்டு, "சரிங்க" என்றார்.

தனம் காலையும் மாலையும் வந்து, நான் குறைத்து எழுதிய அளவில் ஊசி போட்டாள், கட்டு மாற்றினாள். ஒருவேளைச் சாப்பாட்டை மூன்று சிறு பங்காகப் பிரித்து, கேப்பைக் கூழும் மோருமாகக் கொடுக்கலாம் என்று பூசாரி ஒத்துக்கொண்டார். வலது கால் தரையில் படக்கூடாது என்று ஒரு வாக்கர் கொடுத்தேன். இதைச் சிறந்த வைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில்தான் சிறந்தது. ஆனால் சிறந்த வைத்தியம் காலிக் கட்டிலில் கிடந்து, நோயாளி பந்தலில் கிடந்தால் யாருக்கு என்ன லாபம்?

செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்துகொண்டிருக்கும்போது தனம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டவும் இல்லை, உள்வாங்கவும் இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுவிடலாமா, இன்னும் ஒருநாள் பொறுக்கலாமா? தனத்தைப் போனில் பிடித்தேன். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், சர்க்கரை இறங்குகிறது என்றாள். பொறு என்றேன். சாயங்காலம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மணிக்கு அடுத்த படம் வந்தது. கோட்டுக்குள்ளே ஒரு விரற்கடை வெளுத்திருந்தது. ஓபி அறையில் யாரும் இல்லை என்பதால் சத்தம் போட்டே சிரித்தேன்.

ஆனால் தீமிதி என்ற கவலை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை. புண் ஆறத் தொடங்கிய, சூடு தெரியாத ஒரு பாதத்தோடு அந்த மனிதர் நெருப்பில் இறங்கினால் நாங்கள் செய்த அத்தனையும் வீண். புதன்கிழமை நான் பூசாரியைத் தேடிப் போனேன்.

பூசாரி என்றதும் தாடியும் சடையுமாக யாரையோ நினைக்காதீர்கள். முப்பத்தைந்து வயது, மற்ற நாளில் திண்டிவனத்துக்கு வேன் ஓட்டுகிறவர். என்னை விட இருபது வயது சின்னவர். என் தொழிலில் எனக்கு ஒரு குரு உண்டு என்றால் அது அவர்தான். நான் சொல்வதை நம்புங்கள்.

கோயிலில் பூ கேட்கும் வழக்கம் உண்டு என்று தனம் சொல்லியிருந்தாள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் உத்தரவு. நான் பெரிய புத்திசாலி மாதிரிச் சொன்னேன்: "ஏழுமலை தீ மிதிக்கலாமா, வேண்டாமான்னு பூ கேட்டுடுங்களேன். அம்மனே வேண்டாம்னு சொல்லிட்டா அவர் கேட்டுக்குவார்."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிதின்னு பூ வந்திச்சின்னா என்னா பண்ணுவீங்க டாக்டரம்மா?"

ஒரு மனிதரின் காலைக் கொண்டுபோய் இரண்டு பொட்டலத்தில் வைத்துவிட்டு நிற்கப் பார்த்தேனே.

"வந்த பூவ மாத்த முடியாது. அப்புறம் அவுரு கால நீங்களும் காப்பாத்த முடியாது, நானும் முடியாது. ரெண்டுல எந்தப் பதில் வந்தாலும் தாங்கற மாதிரி இருந்தாத்தான் அம்மாகிட்ட கேக்கணும். தாங்க முடியாததக் கேட்டுட்டு அப்புறம் அழுதுக்கினு நிக்கக் கூடாது" என்றார்.

நான் எத்தனை பரிசோதனைகளை எழுதித் தள்ளியிருக்கிறேன்! முடிவு இப்படி வந்தால் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்காமல், சும்மா பார்த்து வைப்போம் என்று எழுதிக் கொடுத்து, வந்த முடிவை வைத்துக்கொண்டு நோயாளியும் நானும் விழித்திருக்கிறோம். அந்தப் பந்தலில் நின்றபோது அவ்வளவும் வரிசையாக நினைவுக்கு வந்தது.

"அப்போ என்னதான் கேக்கறது?"

"தீக்குழியச் சுத்தி வர்றதும் எங்க ஊர்ல வேண்டுதல்தான். முழுகாம இருக்கறவங்க, முடியாதவங்க சுத்துவாங்க. மூணு சுத்தா அஞ்சு சுத்தான்னு கேப்போம்."

"அவர் நடக்கக் கூடாதே."

"நடந்துதான் சுத்தணும்னு யாரு சொன்னா? தூக்கிக்கினு சுத்த ஊர்ல ஆளா இல்ல?"

"அம்மனை ஏமாத்தற மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டேன். சாமி விஷயத்தில் எனக்கு வராத சந்தேகம் அன்றைக்கு வந்தது.

"கால எடுத்துட்டா அவுரு அடுத்த வருசம் எப்டி வருவாரு? அம்மாவுக்கு அது தெரியாதா?" என்றார், வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே.

ஆனால் ஏழுமலை சம்மதிக்க வேண்டுமே. ஊர் முறையில் அவருக்கு மாப்பிள்ளை ஆகவேண்டிய பூசாரி சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "எனக்குத்தான் சுடாதே மாப்ளே. சுடறவனே எறங்கறான், சுடாத நான் நாற்காலியில குந்திக்கினு வர்றதா? ஊரே சிரிக்கும். அம்மா குடுத்த அருள நானே வேணாம்னு சொன்ன மாதிரி ஆவாதா?"

மறுபடியும் அதே இடம். என் நாக்கு நுனியில் நரம்பும் சர்க்கரையும் வந்து நின்றன. அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

"மொதல் வருஷம் எப்படி இருந்துச்சு?"

"மொதல் வருசமா? அய்யோ. உயிர் போயிடிச்சு. பல்லக் கடிச்சிக்கினு, பொண்ணு பேரச் சொல்லிக்கினே ஓடினேன்."

"ரெண்டாம் வருஷம்?"

"அதுவும் சுட்டுச்சு. பதினெட்டு பத்தொம்பது வருசம் நல்லாவே சுட்டுச்சுங்க."

"சுடும்னு தெரிஞ்சும் இறங்கினீங்க இல்லையா? பொண்ணுக்காக இறங்கினது அதுதாங்க. சுடாம நடந்த நாலு வருஷத்தை விட, சுட்டும் நடந்த அந்த வருஷங்கதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. அம்மனுக்கும் அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "பூ கேளு மாப்ளே" என்றார் பூசாரியிடம்.

சிவப்புப் பூ வந்தது. ஐந்து சுற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் போயிருந்தேன். என் கணவரும் வந்தார். நான் கோயிலுக்குப் போகிறேன் என்றதை நம்பாமல் நேரில் பார்க்க வந்தவர் அவர். தீக்குழி தகதகவென்று கிடந்தது. கரகம் இறங்கி, மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஓடி முடித்த பிறகு, பந்தலிலிருந்து ஏழுமலை வந்தார். பந்தல்காரரின் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் இரண்டு மூங்கில் கட்டியிருந்தார்கள். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நீட்டிய வலது காலில் தனம் போட்ட வெள்ளைக் கட்டு. எட்டுப் பேர் தூக்கினார்கள். முன்பே சொன்னேனே, மலை மாதிரி உடம்பு. இரண்டாம் சுற்றிலேயே ஆட்களுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில் வேறு எட்டுப் பேர் தோள் மாற்றிக்கொண்டார்கள். நான் பயந்தது, அவர் பயந்தது, அந்தச் சிரிப்பு வரவே இல்லை. "கோவிந்தா" என்ற சத்தம்தான் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் சுற்றில் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஜனம் முட்டி மோதியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற பாஞ்சாலியின் நெற்றியில் அவர் நாற்காலியிலிருந்தே திருநீற்றை எடுத்துப் பூசினார். நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதேன்.

மறுநாள் காலை காப்பு அவிழ்த்ததும், பூசாரியின் வேனில் ஏழுமலை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் யாரையும் அனுப்பவில்லை. விழுப்புரத்து அறுவை மருத்துவர் பார்த்து, சுண்டுவிரல் ஒன்றை மட்டும் எடுத்தார். கால் தப்பியது. ஒரு மாதம் கழித்துப் பாஞ்சாலிக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். பிறகு ஒன்பது விரல்களோடு அவர் கொல்லையில் மல்லாட்டை போட்டார், எனக்கு வறுத்தும் அனுப்பினார்.

அடுத்த சித்திரையில் காப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் அந்த வேன் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள். "அம்மாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னு இட்டாந்தேன்" என்றார் பூசாரி. பதினாலு ஜோடிப் பாதங்களையும் பார்த்தேன். மூன்று பேருக்கு இழை தொட்டது தெரியவில்லை. அந்த மூன்று பேரும் அந்த வருடம் நாற்காலியில் போனார்கள். அதற்கடுத்த வருடம் ஐந்து பேர். எனக்குத் தெரிந்து அந்த ஊரில் தீமிதியால் கால் இழந்தவர் அதன்பின் ஒருவரும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் அந்த ஊரிலிருந்து ஒரு இளைஞர் ஓபிக்கு வந்தார். கல்லூரிப் படிப்பு, சர்க்கரை இப்போதுதான் தொடங்கியிருந்தது. பழக்கப்படி, "உங்க ஊர்ல அடுத்து என்ன விசேஷம்?" என்று கேட்டேன். தீமிதி என்றார். நாற்காலிச் சுற்றும் உண்டு என்றார். எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி, அது எப்போது ஏற்பட்ட வழக்கம் என்று விசாரித்தேன்.

அவர் என் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "அது பாண்டவர் காலத்துலேர்ந்தே இருக்குதுங்க டாக்டரம்மா."